மந்திரி என்றால் மந்திரிதானே

என் வீட்டுக்காரர் ஞானசிங்கைப் பற்றி எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷன் என்றுதான் சொல்வார்கள். சொல்கிறவர்கள் யாரும் அவரோடு குடும்பம் நடத்தவில்லை. நான் இருபத்தாறு வருடம் நடத்தியிருக்கிறேன், அதனால் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். மனுஷன் தங்கம்தான். ஆனால் தலைக்குள் இருப்பது மொத்தமும் அறுபத்து நான்கு கட்டம்.

வேலை ஆரல்வாய்மொழியில், ஒரு காற்றாலைக் கம்பெனியில். காற்று ஓய்ந்த மாதங்களில் காற்றாடிக் கம்பத்துக்கு மேலே ஏறி நட்டு முறுக்குவார், கிரீஸ் போடுவார். காற்று அடிக்கிற மாதங்களில் கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து திரையைப் பார்ப்பார். பார்க்கிறார் என்று கம்பெனி நம்பிக்கொண்டிருக்கிறது. மடியில் ஒரு நோட்டும், மேசை இழுப்பறைக்குள் கையகலத்தில் ஒரு காந்தச் செஸ் பலகையும் இருப்பது கம்பெனிக்குத் தெரியாது.

அந்த நோட்டுதான் எங்கள் வீட்டு வில்லங்கம். இவர் பிறந்து வளர்ந்தது பளுகலில். நாலு எட்டு வைத்தால் கேரளம். அங்கே டீக்கடைக்கு வரும் மலையாளப் பத்திரிகையில் வாரத்துக்கு ஒருநாள் செஸ் பகுதி வருமாம். உலகத்தில் பெரிய பெரிய கொம்பன்கள் ஆடிய ஆட்டத்தை ஆதியோடந்தமாகப் போட்டு, ஜெயித்தவன் எங்கே பிடித்தான், தோற்றவன் எங்கே கோட்டை விட்டான் என்று விளக்கியிருப்பார்களாம். பத்திரிகையைக் கிழிக்கக் கடைக்காரர் விடமாட்டார். இவர் நின்ற வாக்கிலேயே தமிழில் எழுதி எடுத்துக்கொள்வார். பதினான்கு வயதில் தொடங்கியது, இப்போது ஐம்பத்து நான்கு. மொத்தம் நாற்பத்து மூன்று நோட்டு. எங்கள் படுக்கையறை மர அலமாரியில் மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டு வரை அவைதான் குடியிருக்கின்றன. என் பட்டுச்சேலைகள் கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டியில் கிடக்கின்றன.

சும்மா எழுதி வைத்துவிட்டுப் போகிற ஆளும் இல்லை. ஒவ்வொரு ஆட்டத்தையும் மூன்று தடவை ஆடிப் பார்ப்பார். முதல் தடவை ஜெயித்தவன் பக்கம். இரண்டாம் தடவை பலகையைத் திருப்பி வைத்துத் தோற்றவன் பக்கம். மூன்றாம் தடவை நோட்டின் மேல் ஒரு அட்டையை வைத்து மறைத்துக்கொண்டு, அடுத்து அந்தக் கொம்பன் எந்தக் காயை எடுத்திருப்பான் என்று இவரே யோசிப்பார். பிறகு அட்டையை ஒரு வரி கீழே இறக்குவார். சரியாக இருந்தால் பாலில்லாத கட்டன்சாயா ஒரு மடக்கு. தப்பாக இருந்தால் சிவப்பு மையில், தான் நினைத்தது ஏன் உதவாது என்று அரைப் பக்கம் எழுதுவார். ஒரு ஆட்டம் முடிய மூன்று நாள் ஆகும். சாயா பாதிக்கு மேல் ஆறிப்போய்த் திரும்பி வரும்.

கற்றதை வீட்டிலும் நடத்துவார். பலகையில் சும்மா நிற்கிற காயைத்தான் முதலில் நல்ல இடத்துக்கு மாற்ற வேண்டுமாம். அதைப் படித்த வாரம் அடுக்களை மூலையில் இருந்த கிரைண்டரைப் புறவாசலுக்கு மாற்றினார். அங்கே பிளக் கிடையாது. எதிராளி என்ன செய்யப் போகிறான் என்று முன்கூட்டியே யோசித்துத் தடுக்க வேண்டும் என்று படித்த வாரம், என் தம்பி கைமாற்றாக ஸ்கூட்டர் கேட்டு வருவான் என்று சாவியை ஒளித்து வைத்தார். தம்பி வரவில்லை, சாவியும் கிடைக்கவில்லை. நான்கு நாள் பஸ்ஸில் போனார்.

இவ்வளவு படித்த மனுஷன் ஜெயிக்க வேண்டுமா இல்லையா? அதுதான் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாகர்கோவில் பார்க்கில் நாலு பேர் கூடி ஆடுவார்கள். இவருக்கு அவர்கள் மேல் ஒரே குறை, புத்தகத்தில் உள்ளதுபோல ஆடுவதில்லை. எதிரே இருப்பவன் தப்பான காயைத் தொட்டால் இவருக்குப் பொறுக்காது. "மக்கா, அதை எடுக்காத, ஆட்டம் சவமாப் போவும். குதிரைய இங்கோட்டு வையி, அப்பம் பாரு அழக" என்பார். அவன் குதிரையை அங்கே வைப்பான். இவர் தோற்பார். தோற்றுவிட்டு முகமெல்லாம் சிரிப்பாக வீட்டுக்கு வந்து, இன்றைக்கு நல்ல ஆட்டம் என்பார். யார் ஜெயித்தது என்று கேட்டால் மட்டும் கால் கழுவப் போய்விடுவார்.

நானும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். போன மாசியில்தான் விஷயம் முற்றியது. எங்கள் மகள் ஜினிஷா பிரசவத்துக்கு வருவதாகப் பெங்களூரிலிருந்து சொன்னாள். எங்களுக்கு இருப்பது ஒரு படுக்கையறை. அதில் பிள்ளைபெற்றவளுக்குக் கட்டில் போட வேண்டும், தொட்டில் கட்ட வேண்டும். அலமாரி போனால்தான் இடம். இப்போது போனிலேயே லட்சம் ஆட்டம் கிடைக்கிறதே, இந்தக் குப்பையைப் பழைய பேப்பருக்குப் போடுங்கள் என்று நேராகவே சொல்லிவிட்டேன்.

மனுஷன் முகம் சுண்டிப்போயிற்று. "போன்ல உள்ளது அவனுக்க ஆட்டம் மட்டும்தான். இதுல நான் எங்க தப்பா நெனச்சேன்னும் கெடக்கு" என்றார். அதற்கு மேல் சண்டை போடவில்லை. இவருக்குச் சண்டை போடத் தெரியாது, அந்தத் துறையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு நாள் கழித்து ஒரு நிபந்தனையோடு வந்தார். எங்கள் குடியிருப்போர் சங்க ஆண்டுவிழாவில் செஸ் போட்டி வைக்கிறார்கள். இந்த ஜென்மத்தில் ஒரே ஒரு கப் வாங்கிவிட்டால் நோட்டுகள் இருக்கட்டும். தோற்றால் அவரே தன் கையால் எடுத்துக் கொடுத்துவிடுவார். பார்க்கில் அவர் ஆடுகிற லட்சணம் தெரிந்ததால் உடனே சரி என்றேன்.

அது தம்பதியர் போட்டி என்பதைக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் சொன்னார்.

போட்டியின் விதி இதுதான். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் பலகைக்கு முன்னால் உட்கார வேண்டும். ஒருவர் காயின் பெயரை மட்டும் சொல்ல வேண்டும். எங்கே வைப்பது என்று சொல்லக்கூடாது. மற்றவர் அந்தக் காயைத்தான் எடுக்க வேண்டும், எங்கே வைப்பது என்பது அவர் பாடு. வேறு ஒரு வார்த்தை பேசக்கூடாது, கண்ணைக் காட்டக்கூடாது. சங்கச் செயலாளர் அல்போன்ஸ் சார் ஓய்வு பெற்ற தமிழாசிரியர், தம்பதிகளின் மனப்பொருத்தத்தைச் சோதிக்க இதைவிட நல்ல வழி கிடையாது என்று நோட்டீசிலேயே போட்டிருந்தார்.

எனக்குக் காய் நகர்த்தத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். நான் தோவாளைக்காரி. சின்ன வயதில் அண்ணனோடு ஆடி அவனை அழவிட்டிருக்கிறேன். கல்யாணத்துக்குப் பிறகு தொடவில்லை, அவ்வளவுதான். இரண்டு வாரம் தினமும் சாப்பாடு முடிந்ததும் பயிற்சி நடந்தது. இவர் சொல்வார், நான் வைப்பேன். எங்கள் வீட்டில் ஜினிஷா பள்ளிக்கூடத்தில் செஸ் படித்த நாளிலிருந்தே குயின், பிஷப், ரூக் என்றுதான் பேச்சு. அதிலேயே பழகினோம். நோட்டில் இருந்து ஆட்டங்களை எடுத்து வைத்துக் காட்டுவார். ஒன்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். "குயினக் குடுக்கதுக்குப் பேடிக்காத. ராஜா ஓட வழியில்லாம நிக்கானான்னு மட்டும் பாரு." சும்மா சொல்லக்கூடாது, பத்தாம் நாள் எனக்கும் ருசி பிடித்துவிட்டது. அடுப்பில் பால் பொங்கி வழிகிறபோதுகூட நான் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

விழாவன்று காலையில் எதிர்வீட்டுச் சுபிதா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. எங்கள் நிபந்தனை தெரு முழுக்கத் தெரிந்திருந்தது. "அக்கா, ஜெயிச்சா அலமாரி இருக்கும், தோத்தா அலமாரி போவும். நீங்க எந்தக் கட்சிக்கு ஆடுவிய?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். ஆனால் கடைசியாகத் தொடங்கி முதலில் நிறுத்திவிட்டார். நான் கவனித்தேன்.

முதல் இரண்டு சுற்றும் ஜெயித்தோம். இவருக்கு நம்ப முடியவில்லை. வாயைத் திறந்து எதிராளிக்கு யோசனை சொல்ல விதி அனுமதிக்காததுதான் காரணம் என்பது என் கருத்து. இறுதிச் சுற்றில் எதிரே உட்கார்ந்தவர்கள் சுபிதாவும் அவள் வீட்டுக்காரன் மகேஷ்குமாரும். இரண்டும் எந்நேரமும் போனில் செஸ் ஆடுகிறவர்கள். பதினேழு பதினெட்டு நகர்த்தல் ஆகியிருக்கும். திடீரென்று இவர் மூச்சு மாறியதை உணர்ந்தேன். பலகையைப் பார்த்தேன். எங்கள் குதிரை உள்ளே புகுந்து நிற்கிறது. அவர்கள் ராஜா மூலையில் அடைபட்டுக் கிடக்கிறான். அவன் முன்னால் ஒரே ஒரு சிப்பாய், அதற்கு நேரே எங்கள் ராணி. ராணியைக் கொடுத்து அந்தச் சிப்பாயை வெட்டினால், ராஜா வெளியே வந்து அவளை வெட்டியே ஆக வேண்டும். அப்போது எங்கள் யானை பக்கவாட்டில் ஒரே ஓட்டமாக வந்து நின்றால் ஆட்டம் முடிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், இவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் அதைப் பார்த்துவிட்டேன். குயின் என்று சொல்லுங்கள், சொல்லுங்கள் என்று மனசுக்குள் கும்பிட்டேன்.

அந்த நேரம் பார்த்துச் சிறப்பு விருந்தினர் வந்தார். கல்லூரித் தமிழ்ப் பேராசிரியராம். அல்போன்ஸ் சாருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மைக்கைப் பிடித்து, தமிழறிஞர் அமர்ந்திருக்கும் அவையில் குயின், பிஷப் என்று கேட்பது நமக்கு இழுக்கு, இந்த நொடியிலிருந்து காய்களைத் தமிழில்தான் சொல்ல வேண்டும், ஆங்கிலம் சொன்னால் ஆட்டம் ரத்து என்று அறிவித்துவிட்டார். பேராசிரியர் மட்டும் கைதட்டினார்.

இவர் தொண்டையைச் செருமினார்.

"மந்திரி" என்றார்.

மந்திரியா? எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் மந்திரி, அதாவது பிஷப், வேறொரு பக்கம் மூலைவாக்கில் பார்த்துக்கொண்டு நிற்கிறது, அதற்கும் இந்த விஷயத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் நாற்பது வருடம் படித்த மனுஷன். எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று அவருக்குத் தெரிகிறது என்று நினைத்தேன். மந்திரியை எடுத்து இரண்டு கட்டம் தள்ளி வைத்தேன். இருபத்தாறு வருடத்தில் அவர் சொன்னதை எதிர்க்கேள்வி கேட்காமல் நான் செய்தது அந்த ஒரு தடவைதான்.

அவர் என்னைப் பார்த்தார். எதிரே மகேஷ்குமார் விழித்துக்கொண்டான். குதிரை என்றான். சுபிதா அதைக் கொண்டுவந்து, ஒரே கல்லில் இரண்டு மாங்காயாக, சிப்பாய்க்குக் காவலும் எங்கள் ராணிக்குக் குறியுமாக வைத்தாள். இவர் மறுபடியும், இந்தத் தடவை அழுத்தமாக, "மந்திரி" என்றார். ராணிக்கு ஆபத்து வந்திருக்கும்போது இந்த மந்திரிப் பைத்தியம் ஏன் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. வைத்தேன். ராணி போனாள். இவர் எழுந்து, தோற்றோம் என்று மகேஷ்குமாருக்குக் கை கொடுத்தார்.

அந்தப் பையன் நல்லவன். இவரை ஓரமாகக் கூப்பிட்டு, அந்த இடத்தில் மந்திரியைச் சொன்னது ஏன் அண்ணே என்று கேட்டான். அந்த இடத்தில் மந்திரியைத் தவிர வேறு எதைச் சொல்வது, பெரிய ஆட்டக்காரன் அப்படித்தான் செய்தான் என்று இவர் பதில் சொன்னார். பையன் தலையைச் சொறிந்துகொண்டு போனான்.

வீட்டுக்கு மூன்று தெரு. மூன்றாவது தெருவில் சொன்னார். "அறை வேணும்னா வாயத் தொறந்து கேட்டிருக்கலாம் பெமிலா. ஆட்டத்தக் கொன்னிருக்காண்டாம்."

நான் வாயாடிதான், ஒத்துக்கொள்கிறேன். மனசில் உள்ளதை முகத்துக்கு நேரே நாலு தெருவுக்குக் கேட்கச் சொல்வேன். ஆனால் முதுகுக்குப் பின்னால் ஒன்று செய்கிற பழக்கம் எங்கள் பரம்பரையிலேயே கிடையாது. அவர் சொன்ன காயைத்தானே வைத்தேன்? சொன்னதையும் சொல்லிவிட்டு, பழியையும் என் தலையில் போட்டால் நான் என்ன மண்ணாந்தையா? அன்றிலிருந்து நானும் பேசவில்லை. நான் பேசாவிட்டால் எங்கள் வீட்டில் சத்தமே கிடையாது. பக்கத்து வீட்டில் வந்து உடம்புக்கு என்ன என்று விசாரித்தார்கள்.

சனிக்கிழமை பழைய பேப்பர் எடுக்கிற சுடலையாண்டி அண்ணன் வந்தார். நாற்பத்து மூன்று நோட்டையும் இவர் முந்தின நாளே சணல் கயிற்றால் கட்டி முன்வாசலில் வைத்திருந்தார். வைத்துவிட்டுப் புறவாசலில் போய் வாழைக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று நின்றார். வாழைக்குக் காலையிலேயே ஊற்றியாகிவிட்டது. நானும் தடுத்திருக்கலாம். ஆனாலும் கோபம் கோபம்தானே.

தராசில் வைக்கும் முன்பு கட்டைப் பிரித்துப் பார்த்தேன். பாசத்தில் இல்லை. ஒரு தடவை பழைய பேப்பரோடு ரேஷன் கார்டும் போய், அதைத் தேடிச் சுடலையாண்டி அண்ணன் வீடுவரை போன அனுபவம் இருக்கிறது. பதினேழாம் நோட்டைப் புரட்டியபோது ஒரு பக்கத்தில் பலகை வரைந்து, கட்டங்களில் காய்களுக்கு ஒற்றை எழுத்துப் போட்டிருந்தார். பார்த்த உடனே தெரிந்தது. மூலையில் அடைபட்ட ராஜா, முன்னால் சிப்பாய், உள்ளே குதிரை. எங்கள் ஆட்டமேதான். ஆனால் ராணி நிற்க வேண்டிய கட்டத்தில் 'ம' என்று இருந்தது. யானை இருக்க வேண்டிய இடத்தில் 'தே'. மந்திரி நிற்கிற இடத்தில் 'ஆ'. கீழே அவர் கையெழுத்தில் ஒரு வரி. 'இங்கே மந்திரியைக் கொடுக்கிறான். ராஜா வெட்டாமல் தீராது. பிறகு தேர் வந்து முடிக்கும்.'

அந்த இடத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு பலகையையும் காய்களையும் வாரிக்கொண்டு புறவாசலுக்குப் போனேன். துவைக்கிற கல்லில் வைத்து, ராணியை எடுத்து அவர் மூக்குக்கு நேரே பிடித்தேன். மூன்று நாளைக்குப் பிறகு வாயைத் திறந்தேன்.

"இதுக்குப் பேரு என்ன?"

"மந்திரி" என்றார் குழாயை மூடாமலே.

மூலைவாக்கில் ஓடுகிற காயைக் காட்டினேன். ஆனை என்றார். ஓரத்தில் நிற்கிறதைக் காட்டினேன். தேர் என்றார். அவர் ஊரில் எல்லாருக்கும் அப்படித்தானாம், மலையாளப் பத்திரிகையிலும் அப்படித்தானாம், இதில் என்ன சந்தேகம் என்றார்.

"எங்க ஊர்ல இது ராணி. இதுதான் மந்திரி. ஓரத்துல நிக்கது யானை" என்றேன்.

குழாயிலிருந்து தண்ணீர் அவர் காலில் கொட்டிக்கொண்டிருந்தது. கடைசியில், "சண்டைக்க எடையில ராணி எப்பிடி வருவா? ராஜாவுக்கப் பக்கத்துல மந்திரில்லா நிக்கணும்" என்றார், மெதுவாக.

"எங்க ஊர்ல ராஜா சண்டைக்குப் போனா கெட்டினவளும் கூடப் போவா. ஒங்க ஊர்ல அந்தப் பலகையில ஒரு பெண்ணுக்குக்கூட எடமில்லியா?" என்று கேட்டேன். மூன்று நாள் சேர்த்து வைத்த கோபம், நிறுத்த முடியவில்லை. "அந்தக் குயினக் குடுக்கணும்னு எனக்குத் தெரியாதா? நீங்க சொல்லுகதுக்கு முன்னையே நான் பாத்தாச்சு. எடுத்து வைக்கக் கையி பரபரன்னு இருந்துது. நீங்க மந்திரின்னிய. கெட்டினவரு சொல்லுகாரே, அதுல ஒரு அர்த்தம் இருக்கும்னு வச்சேன். அதுக்கு எனக்குக் கள்ளிப் பட்டமா?"

அவர் குழாயை மூடினார். துவைக்கிற கல்லின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"நீ அதப் பாத்தியா?" என்றார்.

"பாத்தேன்னு சொல்லுகேன்லா."

"நான் சொல்லுகதுக்கு முன்னே?"

"முன்னேதான்."

என்னைச் சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்டார், ஆனால் அதைப் பிறகுதான் கேட்டார். முதலில் சொன்னது வேறு. "நாப்பது வருசமா ஒத்தைக்கு இருந்து பாத்தேன் பெமிலா. கூட ஒரு ஆளு இருந்து பாத்தது இதாக்கும் மொதல் தடவ." சொல்லிவிட்டுத் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். கையில் பிடித்திருந்த ராணியைப் பலகையில் ராஜா பக்கத்தில் வைத்தேன்.

முன்வாசலிலிருந்து சுடலையாண்டி அண்ணன் தராசைப் பிடிக்கவா, போகவா என்று சத்தம் கொடுத்தார். போய், முன்னறையில் டிவி வைத்திருக்கிற இரும்பு ஸ்டாண்டை எடுத்துப்போகச் சொன்னேன். டிவி சுவரில் தொங்கட்டும், அலமாரி அந்த இடத்தில் நிற்கட்டும், ஜினிஷா கட்டில் உள்ளே வரட்டும். போட்டியில் தோற்றது தோற்றதுதானே என்று இவர் நியாயம் பேச வந்தார். நீங்கள் மந்திரி என்று சொன்னீர்கள், நான் மந்திரியை வைத்தேன், இதில் தோற்றது அல்போன்ஸ் சார் என்று சொல்லி வாயை அடைத்தேன்.

பிறகு நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து, பதினெட்டாம் நோட்டின் முதல் ஆட்டத்தை வைத்துக் காட்டச் சொன்னேன். அடுப்பில் சோறு இருந்தது, இருக்கட்டும் என்று உட்கார்ந்தேன். இவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு காய்களை அடுக்கினார். "இங்கதான் கேட்டியா, மந்திரிய" என்று தொடங்கியவர், என் முகத்தைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டு, "ராணிய" என்றார்.